மறுகூட்டலுக்குப் பணம் கட்டுகிறோம், முழங்காலுக்கு மேல்முறையீடு செய்யக் கூடாதா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலோ தெருவிலோ ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், நஷ்டமில்லை.

ராணுவத்தில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற என் பழைய மாணவன் ஒருவன், தன் முழங்கால் குறைக்கான டிசபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் போகிறான். இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன். உடனே ஒரு பதில் வந்தது: “மாதாமாதம் பென்ஷன் வருகிறது, கேன்டீன் இருக்கிறது, வைத்தியத்துக்கு இ.சி.எச்.எஸ். கார்டு இருக்கிறது. அதற்கு மேலும் கேட்பது பேராசை இல்லையா?” அதற்குப் பலர் கட்டைவிரலும் உயர்த்திவிட்டார்கள்.

கேட்டவர் என்னிடம் பிரியமுள்ளவர்தான். ஆனால் கேள்வி தவறு. அது நம் ஊரில் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்திருக்கும் தவறு. அதனால் பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பிரித்துக்கொள்வோம். சர்வீஸ் பென்ஷன் என்பது உழைத்த வருடங்களுக்கு உரியது. டிசபிலிட்டி பென்ஷன் என்பது அந்த வருடங்களில் உடம்பு இழந்ததற்கு உரியது. இரண்டும் வேறு வேறு கணக்கு. கோயம்புத்தூர் மில்லில் ஒரு தொழிலாளியின் விரல் இயந்திரத்தில் போனால், “உனக்குத்தான் மாதச் சம்பளம் கொடுத்தோமே, விரலுக்கு வேறு காசு எதற்கு?” என்று எந்த முதலாளியும் சட்டப்படி கேட்க முடியாது. அதற்கு 1923-லேயே சட்டம் வந்துவிட்டது, அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில். மில் தொழிலாளியிடம் கேட்கக் கூடாத கேள்வியைச் சிப்பாயிடம் மட்டும் எப்படிக் கேட்கிறோம்?

இப்போது அந்த முழங்கால் எப்படிப் போனது என்று பார்ப்போம். ராணுவத்தில் பி.பி.இ.டி. என்று ஓர் உடல்திறன் தேர்வு உண்டு. முதுகில் மூட்டை, கையில் துப்பாக்கி, அதோடு 5 கிலோமீட்டர் ஓட்டம். கயிறு ஏற வேண்டும். 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே போல வாழ்க்கையில் ஒரு தடவை செய்வது இல்லை இது. வருடக் கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது. என் மாணவன் பணியில் 14-ஆவது வருடம் பள்ளம் தாண்டும் பயிற்சியில் வலது காலை ஊன்றியபோது முழங்கால் திருகிக்கொண்டது. லிகமென்ட் கிழிந்தது. ராணுவ மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு லோ மெடிக்கல் கேட்டகரியில் வைத்தார்கள். அந்த நிலையிலேயே இன்னும் 10 வருடம் வேலை செய்தான். 2021-ல் 43 வயதில் வெளியே வந்தான். விபத்து நடந்தபோது யூனிட்டில் எழுதிய காய அறிக்கை அவனுடைய டிரங்குப் பெட்டியில் இன்றும் இருக்கிறது.

வெளியே வரும்போது நடந்த மருத்துவக் குழுப் பரிசோதனையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? முழங்கால் மூட்டுத் தேய்மானம், 20 சதவீதம், ஆயுள் முழுதும். அதுவரை சரி. அடுத்த கட்டத்தில், ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது, வயது காரணமான தேய்மானம், ராணுவப் பணியால் உண்டானதல்ல, பணியால் அதிகமானதும் அல்ல’ என்று முடித்துவிட்டார்கள். ராணுவத்தினர் இதை என்.ஏ.என்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்த நான்கு எழுத்து விழுந்துவிட்டால் சதவீதம் எவ்வளவு இருந்தாலும் கைக்கு வருவது பூஜ்யம். மறு வருடம் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அவன் பேசாமல் இருந்துவிட்டான். இன்று ஒரு வங்கி வாசலில் காவலாளி வேலை. நாள் முழுக்க நிற்கிறான். சாயங்காலம் முழங்கால் வீங்குகிறது.

மூன்று காரணம் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? வாத்தியார் வேலை பார்த்த பழக்கம், ஒவ்வொன்றாகத் திருத்திவிடுகிறேன்.

முதல் காரணம், அமைதிப் பகுதி. எல்லையில் குண்டு பட்டால்தான் காயம், உள்நாட்டு முகாமில் பட்டால் அது சொந்த வியாதி என்பது போன்ற எண்ணம். ஆனால் பயிற்சி எங்கே நடக்கிறது? பள்ளம், சுவர், கயிறு எல்லாம் எங்கே கட்டி வைத்திருக்கிறார்கள்? பெரும்பாலும் இந்த அமைதிப் பகுதி முகாம்களில்தான். முழங்கால் உடைய அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் ஏற்பாடு செய்த அல்லது அனுமதித்த விளையாட்டில் கலந்துகொள்வதும் பணி நேரம்தான் என்று அதில் இருக்கிறது. மாலை வாலிபாலில் கால் பிசகினாலே பணியில் பட்ட காயம் என்னும்போது, உத்தரவுப்படி பள்ளம் தாண்டியவன் காயத்தை என்னவென்று சொல்வது?

இரண்டாவது காரணம், வயது. கிழிந்த லிகமென்ட் உள்ள முழங்கால் சில வருடங்களில் தேய்மானத்துக்குப் போகும் என்பது எலும்பு டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். இவனுக்கு ஆபரேஷன் செய்ததும் ராணுவ மருத்துவமனைதான். ஒரே கோப்பில் முன் பக்கத்தில் காயமும் ஆபரேஷனும் இருக்க, பின் பக்கத்தில் வயது என்று எழுத எப்படி மனம் வந்தது? வயதுதான் காரணம் என்றால் இடது முழங்காலுக்கும் அதே 43 வயதுதானே? அது ஏன் நன்றாக இருக்கிறது? எட்டாம் வகுப்புப் பையன் கேட்கும் கேள்வி இது.

மூன்றாவது, ‘பணியால் அதிகமானதும் அல்ல’ என்ற தீர்ப்பு. லோ மெடிக்கல் கேட்டகரியில் 10 வருடம் வேலை வாங்கியிருக்கிறார்கள். அந்த 10 வருடமும் முழங்காலைத் தொடவே இல்லை என்று சொல்ல என்ன ஆதாரம்? ஒன்றும் எழுதவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நான் 32 வருடம் கணக்கு விடைத்தாள் திருத்தியவன். ஒரு பையனுக்கு மார்க் குறைத்தால் எந்த வரியில் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்துக் காட்ட வேண்டும். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு மார்க் உண்டு. வெறும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டுக் காரணம் எழுதாமல் தாளைக் கட்டினால் என்னைத் தலைமை ஆசிரியர் சும்மா விட்டிருப்பாரா? ஐந்து மார்க் கணக்குக்கு இருந்த பொறுப்பு, ஒருவன் ஆயுள் முழுதும் சுமக்கப் போகும் முழங்காலுக்கு இல்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் இதைத்தான் சொன்னது. அந்தச் சிப்பாய் 1985-ல் சேர்ந்தவர், 1994-ல் வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு வெளியே அனுப்பப்பட்டவர். அவருக்கும், பணிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தார்கள். நீதிமன்றம் விதிகளை எடுத்து வரிசையாக விளக்கியது. சேரும்போது உடம்பில் குறை இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிற்பாடு உடல்நலம் கெட்டு வெளியே அனுப்பினால், கெட்டது பணியால் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாயின் தலையில் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. நோயை முன்பே கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவக் குழு சொல்வதானால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். இவ்வளவும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 1994-ல் அனுப்பப்பட்டவருக்கு 2013-ல் நியாயம். இடையில் 19 வருடம்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தீர்ப்பு 1982 விதிகளை வைத்து வந்தது. 2008-லும் 2023-லும் விதிகளை மாற்றி எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் வாசகம் சிப்பாய்க்கு எதிராகக் கொஞ்சம் இறுகியது. பணிக்காலத்தில் நோய் தெரிந்தது என்பது மட்டுமே போதாது என்று பிந்தைய விதிகள் சொல்கின்றன. எனவே ஓய்வு பெற்ற தேதியைப் பார்த்து எந்த விதி பொருந்தும் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். ஆனால் பணியின்போது பட்ட காயத்துக்கு எழுத்தில் அறிக்கை இருக்கும் ஒருவனை எந்த விதியும் வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை.

“எல்லாரும் இப்படிக் கேட்டால் அரசாங்கம் தாங்குமா? நன்றாக இருப்பவர்களும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று சொல்லி வாங்குகிறார்களாமே?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பொய் சொல்லி வாங்குபவன் இருந்தால் அவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள், நானும் கைதட்டுவேன். ஒரு பையன் காப்பி அடித்தான் என்பதற்காக வகுப்பு முழுவதற்கும் பூஜ்யம் போடுவது மட்டும் கூடாது. கதவை இறுக்கும்போது விரல் நசுங்குவது யாருக்கு என்றும் பாருங்கள். பெரிய அதிகாரிக்குச் சட்டம் தெரியும், வக்கீல் தெரியும். ஆங்கிலக் கடிதத்தைப் படிக்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் சிப்பாய்தான் நசுங்குகிறான்.

அமெரிக்காவில் இருக்கும் என் மாணவர்கள் “அங்கே எப்படி சார்?” என்று கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அங்கே எப்படி என்று. முன்னாள் படைவீரரின் முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கிறார்கள். 45 டிகிரியோடு நின்றால் 10 சதவீதம், 30-ல் நின்றால் 20, 15-ல் நின்றால் 30. பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி சட்டத்தில் அச்சாகியிருக்கிறது. முடிவு பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடம் அவகாசம். புதிய ஆதாரத்தோடு மறுபடி கேட்கலாம், மேல்நிலை அதிகாரியைப் பார்க்கச் சொல்லலாம், மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், மூன்று வழி. இரு பக்க ஆதாரமும் சமமாக இருந்தால் பலன் வீரருக்கு. அங்கேயும் தாமதம் உண்டு, சண்டை உண்டு. ஆனால் மேல்முறையீடு செய்பவனைப் பேராசைக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. அது நடைமுறையின் ஒரு படி, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு பணத்தைப் பற்றிப் பேசுகிறோம்? கணக்கு வாத்தியார் கணக்குப் போடாமல் விடலாமா? 100 சதவீதக் குறைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. கடைசிச் சம்பளம் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 சதவீதம் 13,500. குறை 20 சதவீதம் என்றால் மாதம் 2,700. இதோடு முடியவில்லை. 50-க்குக் கீழே உள்ள சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று 1996 முதல் இருக்கிறது. உடல்நலக் காரணத்தால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று அரசு வாதாடியது. பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அப்படிப் பார்த்தால் மாதம் 6,750. வருடத்துக்கு 81,000. அகவிலை நிவாரணம் தனி. ஏற்கெனவே 20 சதவீதத்துக்கு வாங்கிக்கொண்டிருப்பவர்கள், உங்கள் உத்தரவில் இந்த உயர்வு சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

இந்த 6,750 நம்மில் சிலருக்கு ஒரு வாரக் கடைச் செலவாக இருக்கலாம். நாளெல்லாம் வங்கி வாசலில் நிற்கும் ஒருவனுக்கு அது உட்கார்ந்து செய்யும் வேலையைத் தேடிக்கொள்ளும் துணிச்சல்.

இனி, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. பிளஸ் டூ மார்க்கில் சந்தேகம் வந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குவோம். பிறகுதான் மறுகூட்டல், மறுமதிப்பீடு. இங்கேயும் அப்படித்தான். மருத்துவக் குழுவின் முழு அறிக்கை, காய அறிக்கை, மருத்துவமனைக் குறிப்புகள் ஆகியவற்றின் நகலை உங்கள் ரெக்கார்டு ஆபீஸில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள்.

2. நிராகரிப்புக் கடிதத்தில் தேதியைப் பாருங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு வழக்கமாகக் கடிதம் கிடைத்ததிலிருந்து 6 மாதம். அதுவும் நிராகரிக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு. பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை ஒன்று சென்னையிலேயே இருக்கிறது, டெல்லிக்கு ஓட வேண்டாம்.

3. மேல்முறையீட்டில் அழுகை வேண்டாம், விவரம் வேண்டும். எந்தத் தேதி, எந்தப் பயிற்சி, யார் உத்தரவு, எந்த மருத்துவமனை, எப்போது கேட்டகரி இறங்கியது. “ஐயா கருணை கூர்ந்து” என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, காய அறிக்கையின் நகலை இணைத்து ஐந்து வரி எழுதுவது மேல்.

4. காலம் கடந்துவிட்டதே என்று கையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் தாமதத்தோடு வந்தவர்களையும் நீதிமன்றங்கள் கேட்கின்றன. தர்சேம் சிங் என்பவர் 16 வருடம் கழித்துப் போனார். ஆனால் 2008-ல் அந்த வழக்கில்தான், பொதுவாக நிலுவை வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும் என்று உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. இதன் பொருள் புரிகிறதா? 3 வருடம் தாண்டிய பிறகு நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு மாதமும் பழைய நிலுவையில் ஒரு மாதம் உதிர்ந்துபோகிறது.

5. 15 வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். 2008 விதிகளின்படி, அதற்குள் பழைய கோப்புகளை அழித்துவிடுவார்கள், பிறகு நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும்.

6. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். “பணம் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு” என்று வரும் தரகரிடம் ஒரிஜினல் காகிதத்தைக் கொடுக்காதீர்கள்.

சிப்பாயிடம் சொல்வது போல அரசாங்கத்திடமும் சொல்ல வேண்டும். 2015-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர், வழக்குகளைக் குறைக்க ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக அரசு மேல்முறையீடு மேல் மேல்முறையீடாகப் போவதை அந்தக் குழு கடுமையாகவே விமர்சித்தது. அதற்குப் பிறகும் என்ன நடக்கிறது? தீர்ப்பாயத்தில் வென்றவனை உயர் நீதிமன்றத்துக்கு இழுக்கிறார்கள். அரசு வக்கீலுக்குச் சம்பளம் நம் வரிப்பணம். சிப்பாயின் வக்கீலுக்கு அவன் மனைவியின் கம்மல்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பணியோடு சம்பந்தமில்லை என்று எழுதும் டாக்டர் ஏன் என்று நாலு வரி எழுதட்டும். மருத்துவக் குழு அறிக்கையின் நகலைக் கேட்காமலேயே டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு கையில் கொடுக்கட்டும். நிராகரிப்புக் கடிதம் தமிழனுக்குத் தமிழிலும் வரட்டும். உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயத்தை ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனியாக வென்று வர வேண்டும் என்ற கொடுமை நிற்கட்டும்.

சுதந்திர தினத்தன்று ப்ரொஃபைலில் கொடி வைக்கும் உறவுகளே, வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன தெருக்கள் உண்டு. அந்தத் தெருக்களில் படி இறங்க ஒரு கையால் சுவரைப் பிடிக்கும் ஐம்பது வயதுக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவரிடம் போய், “மாமா, அந்தப் பழைய கடிதத்தைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் அதைப் படித்து அர்த்தம் சொல்லுங்கள். வக்கீலாக இருக்கும் என் மாணவர்கள் மூன்று பேருக்கு இந்தப் பதிவை டேக் செய்திருக்கிறேன். தப்பித்துக்கொள்ளாதீர்கள், பழைய பாக்கி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம். மேசை இருக்கிறது, பேனா இருக்கிறது, டீ உண்டு. வரும்போது ஒரிஜினலோடு இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள்.

உங்கள் கணக்கு வாத்தியார்